போர்வையில் மாட்டிய அன்னம்

கணக்கு டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓய்வு பெறப்போகும் தலைமை ஆசிரியைக்கு ஆளுக்கொரு சதுரம் தைத்து, எல்லாவற்றையும் இணைத்துப் பெரிய போர்வையாகக் கொடுப்பது என்று ஆசிரியர்கள் அறையில் முடிவாகி, சதுரங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இனி அதற்கடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு துணி வைத்து, மூன்றையும் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டவேண்டும். பெரிய மெஷின் இருக்கிற கடையில் கொடுத்துவிடலாம் என்றார் ஓவிய டீச்சர். அப்போதுதான் அந்த வாய் திறந்தது.

"கடை எதுக்கு? எங்க வீட்டு மெஷின்லயே தைச்சுடுவேன்."

"தலையணை உறை தைக்கிற மெஷின்லயா?" என்றார் ஓவிய டீச்சர். அறையே கொல்லென்று சிரித்தது.

இனிமேல் பின்வாங்க முடியுமா? போர்வை நன்றாக அமைந்தால் மானம் பிழைக்கும். சொதப்பினால், ஓவிய டீச்சர் அதைச் சொல்லிக்காட்டியே மிச்ச சர்வீஸை ஓட்டிவிடுவார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

வீட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையை ஒட்டிப் போட்டார்கள். இல்லாவிட்டால் போர்வையின் கனம் தரைக்கு இழுக்கும், தையல் கோணும். கணக்கு டீச்சரின் கணவர் நில அளவையர். அளக்காமல் எதையும் தொடமாட்டார். கூடத்துத் தரையில் மூன்று அடுக்கையும் விரித்து, நான்கு விரல் இடைவெளி விட்டு ஊக்கு குத்தித் தந்ததும் அவர்தான்.

தையல் ஆரம்பிக்கும் நாளன்று வாசலில் மணி அடித்தது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வெளியிலிருந்து ஓவிய டீச்சரின் குரல். கணக்கு டீச்சர் அலமாரிக்கு ஓடினார். போர்வையை நினைத்து அல்ல, மேஜை விரிப்பை நினைத்து.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ஓவிய டீச்சர் தன் கையால் வரைந்து கொடுத்த விரிப்பு அது. நடுவில் ஓர் அன்னம். அவர் சொல்லித்தான் அது அன்னம் என்று தெரியும். தடித்த வயிறும் வளைந்த மூக்குமாக, பார்ப்பவர்களுக்கு அது டீ கெட்டில்தான். சாப்பிடும்போது அதன் முகத்தில் விழிக்கச் சகிக்காமல் கணக்கு டீச்சர் அதை அலமாரியில் மடித்துப் போட்டிருந்தார். இப்போது அவசரமாக உருவி, படம் மேஜைப் பக்கம் போகும்படி கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் போர்வையையும் இழுத்து விரித்தார். போர்வை ஒரு பக்கம் மடங்கியிருந்த இடத்தில் விரிப்பின் ஓரத்துச் சரிகை மட்டும் சமர்த்தாக வெளியே தெரிந்தது.

ஓவிய டீச்சருக்குச் சரிகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போர்வையை ஆராய்ந்தார்.

"நடுவுல ஊக்கு பத்தாது. துணி நகர்ந்துடும். இன்னும் குத்துங்க."

"இன்னும் எவ்வளவு நெருக்கமா?" என்று டேப்பை எடுத்தார் அளவையர்.

"ரெண்டு விரல்."

அவ்வளவுதான். மனுஷர் அங்கேயே, மேஜைமேல் இருந்தபடியே, ஆழமாக, ஒழுங்காக, ஒன்றுவிடாமல் குத்தித் தள்ளினார். நின்று பார்த்து "சபாஷ்" சொல்லிவிட்டுத்தான் ஓவிய டீச்சர் கிளம்பினார்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. போர்வையை இரண்டு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி, மெஷினின் இடுக்குக்குள் திணித்து, அலை அலையாகத் தையல் ஓட்டினார் கணக்கு டீச்சர். சுருட்டலின் மறுமுனையைத் தோளில் சுமந்தபடி அளவையர் முன்னும் பின்னும் நடந்தார்.

"ஏம்மா, மேஜை விரிப்பைக் காணோமே?"

"துவைக்கப் போட்டிருப்பேன். இப்ப ரொம்ப முக்கியமா அது? தூக்கிப் பிடிங்க."

"போர்வை வரவரக் கனமாகுது."

"உங்களுக்கு வயசாகுது."

விழாவுக்கு முந்தின நாள், ஓரம் அடிப்பதற்காகப் போர்வையைத் திருப்பிப் போட்டார்கள். அடித்துணியின் நட்டநடுவில் மேஜை விரிப்பு. அதன் நடுவில், அலையலையாகத் தையல் பாய்ந்த அன்னம், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கணக்கு டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையே வந்துவிட்டது. அத்தனை தையலையும் பிரித்து முடிப்பதற்குள் அவரே ஓய்வு பெற்றுவிடுவார். அளவையர் மெல்ல டேப்பை எடுத்து அளந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? சரியா நடுவுலதான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் கணக்கு டீச்சர். விரிப்பின் ஓரத்தை உள்ளே மடித்துச் சுற்றிலும் அழுத்தமாகத் தைத்தார். வேண்டுமென்றே வைத்ததுபோல் ஆகிவிட்டது. முன்பக்கம் அமர்க்களமாக இருக்கிறது, பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் தலைமை ஆசிரியை எந்த நோட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்துகிறவர் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. மேடையில் போர்வையை விரித்துக் காட்டினார்கள். கைதட்டல் ஓயவில்லை. தலைமை ஆசிரியை ஒவ்வொரு சதுரத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு, "திருப்புங்க" என்றார்.

திருப்பினார்கள். ஓவிய டீச்சரின் வாய் பிளந்தது. கணக்கு டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அட, நம்ம ஸ்கூல் டீ கெட்டில்!" என்றார் தலைமை ஆசிரியை. "ஆவிகூடப் பறக்குது பாருங்க! இத்தனை வருஷமும் இந்த டீ இல்லேன்னா நான் இந்த நாற்காலியில உக்காந்தே இருக்கமாட்டேன். யாரு வரைஞ்சது இத?"

ஓவிய டீச்சர் விருட்டென்று எழுந்தார். இதோ, மானம் கப்பலேறப் போகிறது. கணக்கு டீச்சர் முந்திக்கொண்டார்.

"நம்ம ஓவிய டீச்சர்தான், மேடம்!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. ஓவிய டீச்சர் விரிப்பைப் பார்த்தார். கணக்கு டீச்சரைப் பார்த்தார். கெட்டிலைத் தடவியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியையைப் பார்த்தார். எதையோ மென்று விழுங்கினார்.

"ஆமா மேடம்" என்றார். "கெட்டில்தான்."

மேடையை விட்டு இறங்கும்போது கணக்கு டீச்சரின் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"அது அன்னம்."

"தெரியும் டீச்சர்."

"என் மேஜை விரிப்பு."

"இன்னும் ஊக்கு குத்தச் சொன்னது நீங்கதானே டீச்சர்."

 ஓவிய டீச்சர் இனிக்க இனிக்கச் சிரித்தார்.

"பாவம், உங்க மேஜை வெறுமையா இருக்குமே. புதுசா ஒண்ணு வரைஞ்சு தரேன், இதைவிடப் பெருசா. அன்னம், ஜோடியா. கவுக்காம நேராப் போடுங்க. வாராவாரம் சாப்பிட வருவேன், பாக்கணும்ல?"

கணக்கு டீச்சர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.