பைண்டிங் கோளாறு

திருநாவுக்கரசு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, இரும்பு ரேக்கின் உச்சியில் போர்வையின் ஒரு முனையைச் செருகிக்கொண்டிருந்தார். செருகியதும் மறுமுனை நழுவியது. இரண்டாவது முறை நழுவியபோது போர்வை மொத்தமாகக் கீழே கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து, உள்ளே கிடந்த தம்பியின் முகத்தை மூடியது.

"மாமா, அதை ஏன் மூடுறீங்க? வுடுங்க" என்றாள் தம்பி மனைவி ஸ்ரீமதி. பெட்டியின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அவள். நேற்று மத்தியானம் கம்பெனி கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்ற மோகன்ராஜ் அப்படியே சரிந்ததிலிருந்து அவள் பேசிய மூன்றாவது வாக்கியம் இது.

"உனக்குத் தெரியாதும்மா. நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம்" என்று சொல்லிவிட்டு அவர் போர்வையை எடுத்து உதறினார்.

பெரிய மனுஷர்கள் என்றால் குன்றத்தூரில் அவர் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியின் தாளாளர் யாக்கோபும் ஐந்து ஆசிரியர்களும். மூன்று மணிக்கு வேனில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலரைக்குத் தூக்குகிறார்கள். அதற்குள் இந்தக் கண்றாவியை மறைத்தாக வேண்டும்.

கண்றாவி என்பது கிட்டத்தட்ட முந்நூறு படக்கதைப் புத்தகங்கள். ஜப்பான்காரன் வரைந்தது, யாரோ இங்கிலீஷில் மொழிபெயர்த்தது. கம்பெனியில் போல்ட்டும் நட்டும் போட்டுவைக்கும் நீலப் பிளாஸ்டிக் டப்பாக்களை எங்கிருந்தோ கொண்டுவந்து, அவற்றில் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அட்டைகளைச் செருகி வைத்திருந்தான் மோகன்ராஜ். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை. ஒரகடம் கார் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வல்லக்கோட்டையில் சொந்த வீடு கட்டியவன், நடுக்கூடத்தில் வைத்திருந்தது பொம்மைப் புஸ்தகம். பொம்மை என்றாலும் போகட்டும், முக்கால்வாசி மேலட்டைகளில் பதினெட்டு என்று எண் போட்டு, முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. முப்பத்தாறு வருடம் இங்கிலீஷ் நடத்திய மனிதருக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே மாலையும் சங்குமாக இருக்கிற வீட்டில், பிணத்துக்குப் பின்னால், முந்நூறு அசிங்கம்.

மூன்றாவது முயற்சியில் போர்வை நின்றது. அதற்குக் கீழே ஒரு வரிசை தெரியத்தான் செய்தது. அவர் இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியை அந்த வரிசையை மறைக்கும்படி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி செத்த துக்கம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அது வெட்கத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

சித்தப்பா மகன் உதயசூரியன் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னாண்ணா, அந்த புக்கெல்லாம் இன்னும் வச்சிக்கினு கீறானா? அந்த தலகீழு புக்கு கதைய சொல்லுண்ணா, இவுங்களுக்கு."

இவுங்க என்பது மேலத்தெருவிலிருந்து வந்திருந்த நாலு பேர். திருநாவுக்கரசு மறுப்பதுபோல் கையசைத்தார். பிறகு சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாத கதை அது. எட்டு வருடமாகக் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் ஸ்டாஃப் ரூமிலும் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தார்.

"எட்டு வருஷம் முன்னாடி, பொங்கல் அன்னிக்கு. நம்ம இன்ஸ்பெக்டர் சார் எனக்கு ஒரு புக்கு கொண்டுவந்து குடுக்கறாரு. 'அண்ணா, இத நீ கண்டிப்பா படிக்கணும், இது அவ்வளவா யாருக்கும் தெரியாத புக்கு'ன்னு. யாருக்கும் தெரியாததுல என்னடா பெருமை? சரின்னு திறந்தேன். கடைசிப் பக்கம் முன்னாடி இருக்குது! முதல் பக்கம் பின்னாடி! பைண்டிங் பண்ணவன் தண்ணி போட்டுட்டு பண்ணிருக்கான். தினம் ஆயிரம் பீஸ் செக் பண்ற குவாலிட்டி இன்ஸ்பெக்டரு, காசு குடுத்து டிஃபெக்ட் பீஸ வாங்கிட்டு வந்து அண்ணனுக்கு கிஃப்டு குடுக்கறாரு. மூடி அவன் கையிலயே குடுத்தேன். 'உங்க கம்பெனி கார்ல நான் ஏற மாட்டேன்பா'ன்னு சொன்னேன்."

உதயசூரியன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். மேலத்தெரு நாலு பேரும் இழவு வீடு என்பதை நினைத்துக்கொண்டு அளவாகச் சிரித்தார்கள்.

"அவன் இன்னா சொன்னான்?"

"என்னத்த சொல்லுவான்? வாங்கி, அட்டைய சட்டையில தொடச்சிட்டுப் போயிட்டான்."

"அது கோளாறு இல்ல சார்" என்றது ஒரு குரல்.

வாசலில் கம்பெனி கோட்டுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருப்பாள் போலிருக்கிறது. தலையில் இன்னும் லைனில் போடும் வலைத்தொப்பி. கையில் துணிக்கடைப் பை. பெட்டியருகில் போய்க் கும்பிட்டுவிட்டு, ஸ்ரீமதியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருநாவுக்கரசிடம் வந்தாள்.

"நான் மாரிசெல்வி சார். சங்கரன்கோயில் பக்கம். வல்லம் வடகால்ல ஹாஸ்டல்ல இருக்கேன். அண்ணாச்சி லைன்லதான் வேலை. புக்கு வாங்கிருந்தேன், குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன கோளாறு இல்லன்னு சொன்ன?"

"அந்த பைண்டிங்கு சார். ஜப்பான்காரவ வலப்பக்கத்துல இருந்துலா படிப்பாவ. எழுத்த இங்கிலீஷ்ல மாத்திட்டாலும் படத்த மாத்த முடியாதுல்லா. அதனால புக்கே அப்பிடித்தான் இருக்கும். நம்ம பழக்கத்துல திறந்தா கடைசிப் பக்கம்தான் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. உதயசூரியன் டீயை ஊதினான்.

"அதெப்படிம்மா ஒருத்தனுக்குத் தெரியும்?" என்றார் திருநாவுக்கரசு. குரலில் தலைமையாசிரியர் இருந்தார்.

"போட்டிருக்கு சார்." அவள் கையிலிருந்த புத்தகத்தை அவர் திறந்த விதமாகவே திறந்து காட்டினாள். முழுப் பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு. நில்லுங்கள், நீங்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள், புத்தகத்தைத் திருப்புங்கள் என்று கொட்டை எழுத்தில். "இங்கிலீஷ்லதான் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் எந்தக் குத்தலும் வைக்கவில்லை. அதனாலேயே அது நேராக இறங்கியது. திருநாவுக்கரசின் காது இரண்டும் சூடாயின. அன்றைக்கு இப்படி ஒரு பக்கம் இருந்ததா? இருந்திருக்கும். பொம்மைப் புஸ்தகத்தில் எழுத்தை யார் படிப்பது என்று தள்ளியிருப்பார்.

"இதுல பதினெட்டுன்னு போட்டிருக்கே, அது?" மேலத்தெருக்காரர் ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு ரெண்டுல அப்பிடி இப்பிடி இருக்கும், பொய் சொல்லக்கூடாது" என்றாள் மாரிசெல்வி. "மத்ததெல்லாம் சும்மா வயசானவுக கதை. லிஃப்ட் ரிப்பேர் பாத்த ஒருத்தர் ரிட்டையர் ஆயி, தான் ரிப்பேர் பாத்த லிஃப்ட்லயெல்லாம் ஒவ்வொண்ணா ஏறி இறங்குதாரு. மூணு புக்கு. மூணும் அதுதான்! அண்ணாச்சி அட்டையில எழுதிருந்தாவ: 'முதல் நாற்பது பக்கம் ஒன்றும் நடக்காது. பிறகும் நடக்காது. அவசரக்காரருக்குத் தர வேண்டாம்'னு. நான் பத்துப் பக்கத்துல தூங்கிட்டேன். பொய்ப்பல்லு செய்யுத பொம்பளை கதை ஒண்ணு உண்டு, அது நல்லாருந்துச்சு. பறந்து பறந்து சண்டை போடுத புக்கெல்லாம் வேணும்னு கேட்டா அண்ணாச்சிக்குக் கோவம் வந்துரும். 'அதை ஊரே படிக்குது, நான் எதுக்குச் சொல்லணும்'பாவ. சிவப்பு டேக்கு போட்டுருவாவ."

ஸ்ரீமதி முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "என்னையும் அவசரக்காரின்னுதான் எழுதி வச்சிருப்பாரு" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அழுதாள்.

மாரிசெல்வி போர்வையை ஒரு பக்கமாகத் தூக்கி, தான் கொண்டுவந்ததை அதற்குரிய டப்பாவில் செருகினாள். "பச்சைன்னா யாருக்கும் குடுக்கலாம். சிவப்புன்னா வேஸ்ட்டு. மஞ்சள் ஒண்ணே ஒண்ணுதான். ஹோல்டு. கம்பெனியில ஒரு பீஸு நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ண முடியலன்னா மஞ்சள் டேக்கு போட்டுத் தனியா வச்சிருவோம்லா, அது மாதிரி. அதை மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டாவ. ஒரு நாள் இங்க வந்து கேட்டு, அவுக பக்கத்துல உக்காந்தே படிச்சிட்டேன். பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்துத ஆளு கதை. யாரு எது எழுதிக் குடுத்தாலும் சிவப்புப் பென்சில எடுத்துருவான். கடைசில பொண்டாட்டி லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிருதா. கிறுக்கன், அந்த லெட்டர்லயும் பிழைய திருத்திக்கிட்டு இருக்கான் சார்!"

அவள் ஐந்தரை மணி ஹாஸ்டல் கணக்கெடுப்பைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கிளம்புகிறவள் அவரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரைப் பற்றிச் சொன்னோம் என்பது அவளுக்குத் தெரியாது.

திருநாவுக்கரசுக்குத் தெரிந்தது. மோகன்ராஜ் ஒரு முறை இந்தப் புத்தகங்களைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி, எங்கோ அனுப்புவதற்கு முன் அண்ணன் பார்க்கட்டும் என்று கொண்டுவந்தான். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினேழு தப்பைச் சுழித்து, கீழே பதினேழு என்று எண்ணும் போட்டுக் கொடுத்தார். என்ன எழுதியிருந்தான் என்பது இப்போது ஞாபகம் வரவில்லை. பதினேழு மட்டும் ஞாபகம் இருந்தது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். மஞ்சள் அட்டை கீழ்வரிசையின் ஓரத்தில் இருந்தது, அவர் முதுகால் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில். உருவியபோது கையில் வந்தது, பொங்கலன்று அவர் மூடித் திருப்பிக் கொடுத்த அதே புத்தகம். கம்பெனி அட்டை. கட்டங்கள் இங்கிலீஷில், நிரப்பியிருந்தது தமிழில். பதினேழுக்குப் பிறகு அவன் இங்கிலீஷில் எழுதியதே இல்லை போலும்.

பாகத்தின் பெயர்: அண்ணன்.

குறை: பின்பக்கமாகத் திறக்கிறார்.

முடிவு என்ற இடத்தில் ஏற்பு, மறுவேலை, நிராகரிப்பு என்று மூன்று கட்டங்கள். எதிலும் டிக் இல்லை. அதற்குக் கீழே மறு ஆய்வு என்ற கட்டத்தில் எட்டுத் தேதிகள். ஒவ்வொன்றும் பொங்கல் நாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இன்னும் இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம். எட்டுப் பொங்கலுக்கும் இவன் இந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எட்டுப் பொங்கலும் அவர் அந்தக் கதையைச் சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, திரும்ப எடுத்துப் போயிருக்கிறான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் போயிருக்கும். சொல்லவில்லை.

கடைசி வரி: அடுத்த ஆய்வு, ஜூன். அண்ணன் ரிட்டையர் ஆனதும்.

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். இவன் யார் என்னைப் பரிசோதிக்க? டிப்ளமாக்காரன். அந்தக் கோபம் நிற்க ஓர் இடம் தேடிப் பார்த்துவிட்டு இடம் கிடைக்காமல் கரைந்தது. பிறகு அவமானமாக இருந்தது. அவன் இல்லையே என்பது அதற்கும் பிறகுதான், தாங்க முடியாதபடி வந்தது.

வேன் வந்துவிட்டது. தாளாளர் யாக்கோபு மாலை போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பாதி சரிந்திருந்த போர்வையைப் பார்த்தார். திருநாவுக்கரசின் கையைப் பார்த்தார்.

"ஹெச்எம் சார், நீங்க சொல்வீங்களே, அந்தத் தலைகீழ் புக்கு, அது இதுதானா?"

பின்னால் நின்ற ஆசிரியர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்கள்.

"இதான் சார். புக்கு சரியாத்தான் கீது." குன்றத்தூரில் முப்பத்தாறு வருடமாக வாயில் வராமல் காத்த கீது அது. "நான்தான் பின்னாடிலேர்ந்து தொறந்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியல."

யாக்கோபு ஒரு கணம் விழித்தார். பிறகு இது அந்தக் கதையின் புதிய முடிவு என்று எடுத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு ஏற்றபடி சத்தமில்லாமல் சிரித்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இந்த நேரத்துலயும் உங்க ஹ்யூமர் போகல பாருங்க" என்று சொல்லிவிட்டு மணி பார்த்தார்.

பெட்டியைத் திறந்து, மோகன்ராஜை வெளியில் பந்தலுக்குக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். சடங்கு செய்கிற ஆள் அரிசித் தட்டை நீட்டி, "கூடப் பொறந்தவுரு வாங்க, வாய்க்கரிசி" என்றான். திருநாவுக்கரசு புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசியை அள்ளி, கோயிலில் வலமாகச் சுற்றுகிற பழக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

"ஐயா, அந்தாண்ட போவாதீங்க. இதுக்கு அப்டி இல்ல" என்று அவன் தோளைத் தொட்டு நிறுத்தினான். "இந்தப் பக்கத்துலேர்ந்து வாங்க."

அவர் நின்றார். திரும்பினார். தம்பியை இடக்கைப் பக்கம் விட்டு மூன்று சுற்று வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் கக்கத்திலிருந்து மஞ்சள் அட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அது விழப்போனபோது, அரிசி ஒட்டியிருந்த விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்தார்.