விப்கேயின் இடது முழங்காலும் அடிக்கப்பட்ட பத்தியும்

1

இந்தக் கதை ஒரு சிவப்புக் கோட்டிலிருந்து பிறந்தது. எங்கள் ஜூடோ கழகத்துக்கு ஐம்பது வயதாகிறது, சிறப்பு மலர் போடுகிறார்கள். "விப்கேயைப் பற்றி நீதான் எழுதவேணும். நாலு பக்கம். சந்தோஷமா எழுது" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளன் லுபர்ட் ஒரே ஒரு பத்தியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் "தேவையில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினான். மற்ற மூன்றே முக்கால் பக்கமும் அவனுக்கு மிகவும் பிடித்திருந்ததாம்.

தேவையில்லையாம்! அந்தப் பத்தி இல்லாவிட்டால் மிச்சம் வெறும் பதக்கப் பட்டியல். என் மொழியிலாவது எழுதுவேன் என்று தொலைபேசியில் அவனிடம் கத்திவிட்டு, அந்தப் பத்தியையே கதையாக எழுத உட்கார்ந்தேன். ஆகவே இதில் அழகு தேடாதீர்கள்.

(லுபர்டுக்கு அறுபத்தெட்டு வயது. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஆனால் நான் அவனை "அவன்" என்று எழுதுவதற்கு அது காரணமில்லை.)

2

தொடக்கங்கள்.

"டென் ஹெல்டர் துறைமுகத்தில் கப்பலுக்குத் தகடு ஒட்டும் ஒருவரின் மகளாகப் பிறந்த விப்கே ஹான்ஸ்ட்ரா..." வேண்டாம். இது உள்ளூர்ப் பத்திரிகை.

"காற்று ஓயாத ஊரில் காற்றைப் போலவே ஒரு பெண்..." சீ.

"எழுபது கிலோப் பிரிவில் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். ஒரு முறை உலகப் போட்டியில் வெள்ளி. இருபத்தேழு வயதில் ஓய்வு." இதை வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று சொற்களில்தான் கதை இருக்கிறது.

அவளுடைய வீச்சைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். இடது காலில் மட்டும் நின்று, வலது காலை எதிராளியின் தொடைகளுக்கு நடுவே வீசி, அப்படியே முன்னுக்குச் சாய்த்து எறிவாள். இரண்டு பேருடைய பாரமும் ஒரு கணம் அந்த இடது முழங்காலில்தான் நிற்கும். அந்த முழங்காலுக்கு நாடா சுற்றியவள் நான். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கழகத்தில் விரல், கணுக்கால், முழங்கால் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

3

லுபர்டை எழுத வரவில்லை. முதலில் அவனுக்குக் குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். பிறகு பணத்தாசை. இரண்டும் ஒட்டவில்லை. பனி கொட்டும் விடியலில் அவளைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் ஓட்டியவன் அவன். எடை குறைக்கும் நாட்களில் அவள் பட்டினி கிடந்தால், தன் பாண்துண்டையும் பாற்கட்டியையும் பிரிக்காமலே பைக்குள் வைத்துவிடுவான். ஒரு சதம் வாங்கியதில்லை. வில்லனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

4

அடிக்கப்பட்ட பத்தி இதுதான். இந்த முறை முழுவதும் எழுதுகிறேன்.

ஒரு நாட்டிலிருந்து ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்திதான் ஒலிம்பிக் போகலாம். எங்களுக்கு இரண்டு பேர்: விப்கேயும் ஒரு ரொட்டர்டாம்காரியும். ஐரோப்பியப் போட்டியில் யார் மேலே வருகிறாளோ அவளுக்குத்தான் இடம். பதினொரு நாள் இருக்கும்போது விப்கேயின் முழங்கால் வீங்கியது. படம் எடுத்தார்கள். பதினாலு வயதிலிருந்து அவளுடைய காகிதமெல்லாம் லுபர்டின் கைக்குத்தான் போகும். டொக்டரின் கடிதமும் போனது. இடது முழங்காலின் தசைநார் பாதி கிழிந்துவிட்டது, ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, பாரம் போடக்கூடாது என்று அதில் இருந்தது.*

"நீர் கட்டியிருக்கு, பிள்ளை. வேறயொண்டுமில்லை" என்றான் அவளிடம். என் பக்கம் திரும்பி, "இறுக்கிச் சுத்து" என்றான்.

அவள் வெளியே போனதும் கேட்டேன். "டொக்டர் என்ன எழுதியிருக்கிறார்?"

"டொக்டர்மார் எல்லாத்துக்கும் ஆறு கிழமை எண்டுதான் சொல்லுவினம். அவை ஒருநாளாவது ஜூடோ மெத்தையில நிண்டவையே?"

போட்டியன்று காலை விப்கே என் தோளில் தட்டினாள். "என்னடி, பார்சலே கட்டுறாய்? முத்திரையையும் ஒட்டிவிடு. நேரா ஒலிம்பிக்குக்குப் போய்ச் சேரட்டும்."

இறுதிப் போட்டியில் நாற்பது விநாடி மிச்சம் இருக்கும்போது வீசினாள். முழுப்புள்ளி. தங்கம். எதிராளி எழுந்துவிட்டாள், விப்கே எழவில்லை. லுபர்ட் அவளைத் தூக்கிக்கொண்டு வரும் படம்தான் மலரின் அட்டை. மூன்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அவள் மெத்தைக்குத் திரும்பவில்லை. ஒலிம்பிக்குக்கு ரொட்டர்டாம்காரி போனாள்.

அன்று மண்டபத்து வாசலில் எங்கள் கழகத்து ஆட்கள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். "லுபர்ட், உன்ர விப்கேக்கு வாழ்த்துகள்!" எனக்கும்தான். நான் நன்றி சொன்னேன்.

* கடிதம் மேசையில் திறந்து கிடந்தது. இந்த அடிக்குறிப்பை இதற்கு மேல் இப்போது எழுத மறுக்கிறேன்.

5

போன மாதம், அந்தச் சிவப்புக் கோடு வந்து சில நாளில், விப்கேக்கு முப்பத்தாறாவது பிறந்தநாள். வழக்கம்போல வட்டமாகக் கதிரைகள், காப்பி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். இந்த நாட்டில், வருகிறவர் பிறந்தநாள்காரியை மட்டும் வாழ்த்தினால் போதாது. வட்டம் முழுவதும் சுற்றி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, "விப்கேக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரவேண்டும். தாய்க்குச் சொன்னேன், தம்பிக்குச் சொன்னேன், அயல்வீட்டுக்காரருக்கும் சொன்னேன். அடுத்த கதிரையில் லுபர்ட் கையை நீட்டியபடி இருந்தான். நான் அவனைத் தாண்டி அதற்கடுத்த கதிரைக்குப் போனேன்.

விப்கேயின் தாய் சிரித்துச் சமாளித்தாள். "ஏய், ஒரு கதிரையை விட்டிட்டாய்! உனக்குக் கேக் கிடையாது."

விப்கே என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் இழுத்துப்போனாள். "அவன்ர கையை ஏன் பிடிக்கேல்லை? என்னை ஆளாக்கினது அவன்."

"அந்த ஃபைனலில..." என்று தொடங்கினேன்.

"அதை விடு. நான் காலைப் பிழையா வைச்சிட்டன். நேற்றுச் சேந்த வெள்ளைப்பட்டிப் பிள்ளை கூட அப்பிடி வைக்காது. ஒன்பது வருஷமா அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாக்கிறன். பாவம் லுபர்ட், அவன்ர ஒலிம்பிக்கையும் சேர்த்தெல்லோ உடைச்சுப்போட்டன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனிட்ட மன்னிப்புக் கேக்கிறனான்."

"அவன் என்ன சொல்லுவான்?"

"'பரவாயில்லை பிள்ளை' எண்டுவான்."

பரவாயில்லையாம். ஒன்பது வருடமாக அவள் மன்னிப்புக் கேட்கிறாள், அவன் மன்னித்துக்கொண்டிருக்கிறான்! இந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. (இது புனைவு உத்தி இல்லை.)

6

முடிவுகள்.

ஒன்று: குசினியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய். கேக் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு: லுபர்ட் வட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "அந்தக் கடிதத்தை நான்..." இதை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவன் இன்னொரு காப்பி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

மூன்றாவதற்கு முன் அந்த அடிக்குறிப்பை முடிக்கவேண்டும். கடிதத்தை நானும் வாசித்தேன். ஆறு கிழமை என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு நாடாவை எடுத்து இறுக்கிச் சுற்றினேன், ஏனென்றால் எனக்கும் ஒலிம்பிக் பார்க்கும் ஆசை இருந்தது. மலருக்குக் கொடுத்த பத்தியில் லுபர்ட் வாசித்தான் என்றுதான் இருந்தது. நான் வாசித்தது அதில் இல்லை. அவன் சிவப்பு மையால் அடித்தான். நான் மையே செலவழிக்காமல் அடித்துவிட்டேன்.

இன்னும் கேளுங்கள். இருபத்திரண்டு வருடமாக அவளோடு பேசும் மொழியில் இதை எழுதாமல், அவளுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத தமிழில் எதற்கு எழுதினேன்? கோழைத்தனம். வேறு காரணம் கண்டுபிடித்துத் தராதீர்கள்.

மூன்று: நேற்று விப்கே அழைத்தாள். "உன்ர பாஷையில என்னைப் பற்றி எழுதுறியாமே? லுபர்ட் சொன்னவன். நீ அவனோட கோபமெண்டும் சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை வாறன். நான் வரி வரியா விரல் வைப்பன், நீ சொல்லவேணும். பொய் சொன்னியோ, தூக்கி எறிஞ்சுபோடுவன். ஒற்றைக்காலெண்டாலும் உன்னை எறிய அது போதும்."

இன்று சனிக்கிழமை. நாலாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் உருவிவிட்டு மிச்சத்தைக் காட்டலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. அல்லது அவள் விரல் அங்கே வரும்போது, காற்றைப் பற்றியோ துறைமுகத்தைப் பற்றியோ ஏதாவது சொல்லலாம். எனக்கு அது நன்றாகவே வரும். ஆனால் உங்களிடமிருந்து எந்தப் பக்கத்தையும் உருவ முடியாது. நீங்கள் இதை வாசிக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். நாலாம் பகுதியில் அவள் விரல் வந்து நின்றபோது நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றி மட்டும் எழுதாதீர்கள்.