தகடு பூட்டாத சிப்பு
அவளுடைய ரிப்பேர் கடைக்கு வந்த பழைய புரொஜெக்‌ஷன் டிவியில் சிவப்பும் நீலமும் தனித்தனியாக விலகி நின்றன. அதைச் சரிசெய்ய அவள் இரண்டு புதிய சிப்புகளை ஈயம் உருக்கிப் பற்றவைத்திருந்தாள். எங்கும் போலிகளே கிடைக்க, இந்த அசல் ஜோடிக்காக நாயாய் அலைந்திருந்தாள். வெள்ளைப் பசை தடவி, சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டோடு திருகுவதுதான் பாக்கி. கை கழுவிவிட்டு வருவதற்குள் கருகல் வாடை அடித்தது.

"சும்மா போட்டுப் பார்த்தேன்மா," என்றான் கணவன். "நீ சரியா வெச்சிருக்கியான்னு..."

"தகடு பூட்டாம போட்டா எரிஞ்சிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"ஒரு செகண்டுதானே! உன் சிப்பு என்ன வெண்ணெயா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலையை அவன் இப்படித்தான் சரிபார்க்கிறான். பிளக்கைப் பிடுங்கினாள். அவனோ எதையோ கண்டுபிடித்துவிட்டவன்போல உள்ளே விரலை நீட்டினான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்; தொட்டால் தூக்கியடிக்கும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. 'படட்டும்' என்றது மனம். அப்புறம்தான் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இதுக்கும் அடியா?"

"ஆமா. இனிமே என் மேசைப் பக்கம் வராதீங்க."

வாய் மூடி நின்ற அந்தக் கணத்தை நினைத்து அவள் அவன் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.