குளியல்கடைக் கிழவன்

தண்ணீர் கிடைக்காமல் செத்தவன் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். சொம்பு நிறையத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே குடிக்க மாட்டேன் என்று கிடந்தவனை அன்னம்மாள் தன் வீட்டிலேயே பார்த்தாள். அவள் புருஷன் ஜெயராஜ்தான் அது.

ஜெயராஜ் பெயிண்டர். சுனாமி வந்த வருஷம் காக்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக்கு வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். உயிர் தங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. கையும் வாயும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஆஸ்டின் டவுனில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியதிலிருந்து அந்த இரண்டையும் அவன் வேலைக்கு விடவில்லை. கேட்டதற்கு ஒரு முனகல். அதோடு சரி.

மூத்திரம் போவது அவனுக்குத் தெரியாது. துணி நனைந்து வாடை வந்த பிறகுதான் தெரியும். அன்னம்மாள் துணி மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். அந்தரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீடி குடித்த ஆள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கும், அவனுக்கு இருக்காது. அப்பேர்ப்பட்டவன் இப்போது பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கப் பயந்தான்.

பயந்தவன் ஒரு வழி கண்டுபிடித்தான். குடித்தால்தானே வரும்? அன்னம்மாள் வேலைக்குப் போகுமுன் வைத்துவிட்டுப் போகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலுக்கு அடியில் ஊற்றிவிடுவான். சாயங்காலம் வந்து காலிச் சொம்பைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் பெருக்கக் குனிந்தபோதுதான் தரை ஊறிப்போய்ப் பாசி பிடித்திருப்பதைக் கண்டாள். அதற்குள் அவனுக்குக் குளிர் ஜுரம் வந்து, மூத்திரம் சீழாக மாறி, பெரியாஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது.

"நீரு குடிஸம்மா, இல்லாந்த்ரெ கிட்னி ஹோகத்தெ" என்று கன்னடத்தில் சொன்னாள் டாக்டரம்மா. பிறகு இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னாள்: "இன்னொரு வாட்டி இப்படி வந்தா நம்ம கையில இல்லம்மா. தண்ணி குடிச்சா இருப்பாரு. குடிக்கலைன்னா இருக்க மாட்டாரு. அவ்ளோதான்."

கெஞ்சினாள். திட்டினாள். தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினாள். ஊற்றியது கழுத்து வழியாக ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் சீனு வந்தான். ஜெயராஜோடு பெயிண்ட் வேலை பார்த்தவன். சாரம் விழுந்த அன்று அவன் வேலைக்கு வரவில்லை, அது அவன் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. தன் வீட்டு சிடி பிளேயரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான். கூடவே மெஜஸ்டிக் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு படம்.

"சண்டைப் படத்துல உசரத்துலேந்து உழறதெல்லாம் வரும், அண்ணனுக்கு வேணாம்னு உட்டுட்டேன் அண்ணி. லவ் படம் போட்டா அழுவாச்சி. அதான் பொம்மைப் படம் வாங்கியாந்தேன். ஜப்பான்காரன் படம். கொழந்தைங்க பாக்குறது, அசிங்கம் கிசிங்கம் ஒண்ணும் இருக்காது."

பொம்மையாக வரைந்திருந்தால் அது குழந்தைகளுக்குத்தான் என்று நினைத்துவிட்டான். அவனை எதற்குக் குற்றம் சொல்ல? அன்னம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். டீ போடப் போனாள்.

படத்தில் ஓர் ஊர்ப் பொதுக் குளியல்கடை. காசு கொடுத்து வெந்நீரில் குளிக்கிற இடம். அங்கே வேலைக்கு ஒரு குண்டன், இடுப்பில் ஒரு துண்டு மட்டும். அந்தத் துண்டு எந்த நேரம் எதில் மாட்டிக்கொண்டு அவிழும் என்று சொல்ல முடியாது. அவிழ்ந்ததும் வாளியால் மறைப்பான், வாளியில் ஓட்டை இருக்கும். வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து காற்று விடுவான், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குமிழியில் ஏறிக் கூரைக்குப் போவார்கள். பேசுவது ஒரு எழுத்து புரியாது. புரியவும் வேண்டாம்.

டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தவளுக்குக் கண் கூசியது. "ஏய் சீனு, இன்னாடா கருமம் இது? ஜெபம் பண்ற ஊட்ல! நிறுத்துடா!"

"அண்ணி, சத்தியமா கொழந்தைங்க படம்னுதான் குடுத்தான் அந்த ஆளு!" சீனு பதறிப்போய்ப் பட்டனைத் தேடினான்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல. இருமலா, மூச்சுத் திணறலா என்று இருவரும் ஓடினார்கள். ஜெயராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. சிரித்துச் சிரித்துத் தொண்டை வறண்டு, கையை நீட்டினான்.

"தண்ணி" என்றான்.

அதற்கப்புறம் எந்தக் கையால் அந்தப் படத்தை நிறுத்துவது? அன்னம்மாளால் முடியவில்லை.

தினமும் அது ஓடியது. பகலில் அவள் இல்லாதபோது பக்கத்து வீட்டு மௌரீன் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் படத்தையும் போட்டுவிடுவாள். மாதா கோயில் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், தலையில் அடித்துக்கொண்டே முழுசாகப் பார்த்தாள்.

"அன்னம், உன் புருஷன் என்னா படம் பாக்குறாருன்னு ஃபாதர்கிட்ட சொல்லட்டா?"

"சொல்லுக்கா. நீ எவ்ளோ நேரம் கூட ஒக்காந்து பாத்தேன்னு நானும் சொல்றேன்."

"அய்யோ, அந்த குண்டன் வாளிய எடுத்தான் பாரு..." என்று மௌரீன் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

குண்டனுக்கு ஒரு கட்டம் வரும். கடையில் தீப்பிடித்துவிடும், எல்லோரும் அலறுவார்கள். பயத்தில் அவனுக்கு மூத்திரம் போய்விடும். போகிறது, போகிறது, ஓடையாகப் போய்த் தீயையே அணைத்துவிடும். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். அதைப் பார்த்த அன்று சாயங்காலம், அன்னம்மாள் நனைந்த துணியை உருவும்போது, வழக்கமாகச் சுவரைப் பார்க்கிறவன் அவளைப் பார்த்தான்.

"எங்கியாவது தீப்புடிச்சா சொல்லு. ஆளு ரெடியா இருக்கேன்."

அவள் துணியும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு, கடைசியில் அது அழுகையில் போய் நின்றது. "ச்சீ, நாத்தம் புடிச்சவனே" என்றாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை அந்தக் குண்டன் நடு வீட்டில் போட்டு உடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நிற்கும்போது அவன் துண்டு அவிழ்வது நினைவுக்கு வந்து அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பாவம்தான். ஆனாலும் சொம்பு காலியானது, கட்டிலுக்கடியில் தரை காய்ந்தே இருந்தது.

ஆனால் அந்தப் படத்தில் குண்டன் மட்டும் இல்லை.

குளியல்கடைக்கு முதலாளி ஒரு வழுக்கைக் கிழவன். அவனுக்கு வேலையே பெண்கள் பக்கத்துச் சுவரில் ஓட்டை போடுவதுதான். வேலைக்காரப் பெண்கள் குனிந்தால் பின்னால் வந்து கிள்ளுவான். அவர்கள் வீலென்று கத்திக் குதிப்பார்கள், கட்டையால் அடிப்பார்கள், கிழவன் கூரையைப் பொத்துக்கொண்டு வானத்துக்குப் போவான். அடுத்த கட்டத்தில் திரும்பவும் வந்து கிள்ளுவான். அந்தப் பெண்களும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பவும் குனிவார்கள்.

கிழவன் வந்தால் அன்னம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். ஜெயராஜின் சிரிப்பு அங்கே வரைக்கும் கேட்கும்.

அவள் வேலை செய்தது பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில். தைத்து வந்த சட்டைகளில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. அந்த லைனுக்கு சூப்பர்வைசர் ரகு. பீஸ் பார்க்கிற சாக்கில் பின்னால் வந்து நிற்பான், கை சட்டைக்குப் போகாமல் வேறெங்காவது போகும். வயசுப் பெண்களிடம்தான் என்று முதலில் நினைத்திருந்தாள். நாற்பது தாண்டிய தனக்கும் வரும் என்று நினைக்கவில்லை. புருஷன் படுத்துவிட்டான் என்று அவனுக்குத் தெரிந்த பிறகுதான் வந்தது. படத்துக் கிழவனை அடிக்கிற கட்டை இங்கே யார் கையிலும் இல்லை. அடித்தால் மறுநாள் வேலை இருக்காது. அன்னம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

ஒருநாள் டார்கெட் முடியவில்லை என்று ரகு லைன் முழுக்கக் கத்திக்கொண்டு வந்தான். அவள் குனிந்து சட்டைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்க, பின்னால் நறுக்கென்று கிள்ளினான். அவள் துள்ளி நிமிர்ந்தாள், கையிலிருந்த கட்டு சிதறியது.

"பரவால்லியே ஆண்ட்டி, ஜம்ப் எல்லாம் ஃபாஸ்ட்டாதான் இருக்கு. கைதான் ஸ்லோ" என்றான்.

லைன் சிரித்தது. போன வாரம் இதே இடத்தில் அழுதுகொண்டு நின்ற சௌம்யாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அடுத்தது தான்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதனால் அன்னம்மாளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வர ஓர் இடம் வேண்டாமா? இடம் கிடைக்காத கோபம் பஸ்ஸில் வழி முழுக்க அவளோடு நின்றுகொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது.

"வா வா, அன்னம், பாரு! கெழவன் இப்போ ஏணி போட்டு ஏர்றான்!" ஜெயராஜின் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. சொம்பு காலி. அவள் பையை மாட்டினாள். கட்டிலுக்குக் குறுக்கே குனிந்து நனைந்த விரிப்பை இழுத்தாள்.

ஜெயராஜ் கையை நீட்டி அவள் பின்னால் கிள்ளினான். கிழவன் கிள்ளும்போது வருகிற அந்த விசில் சத்தத்தையும் வாயால் போட்டான்.

விழுந்த நாளிலிருந்து அவன் கை அவள்மேல் பட்டதில்லை. எத்தனை தரம் அவள் நினைத்திருப்பாள், ஒரு தரம் தோளையாவது தொட மாட்டானா என்று. அந்தக் கைதான் இப்போது வந்தது. வந்த விதம்தான் இது. அவள் திரும்பி, பலம் கொண்ட மட்டும் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

டிவியில் கிழவனைக் கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்டது. ஜெயராஜ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். தன்னைத் தொடக்கூட அருவருப்பாகிவிட்டது இவளுக்கு என்று அவன் நினைத்தது அவன் கண்ணில் தெரிந்தது. மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கவில்லை. படம் போட்டாலும் திரும்பவில்லை. "அந்தாளுக்கு இன்னா ஆச்சு, குண்டன் வந்தாக்கூட பாக்கல?" என்று மௌரீன் கேட்டாள். அன்னம்மாள் துணியை மாற்றும்போது அந்தப் பழைய வாடை, ஜுரத்துக்கு முன்னால் வந்த அதே அழுகல் வாடை, லேசாகத் தலை காட்டியது.

ரகு விஷயத்தைச் சொன்னால் அவன் சிரிப்பு இனி வரவே வராது. சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ன அறையலய்யா நானு. அந்த சூப்பர்வைசர் நாய் இருக்கான்ல, ரகு. அன்னிக்கி லைன்ல எல்லார் முன்னாடியும் அதே மாதிரி கிள்ளினான். எல்லாரும் சிரிச்சாங்க. ஊட்டுக்கு வந்தா நீயும் சிரிக்கிற, நீயும் கிள்ற. எனக்கு எது யார் கையின்னே தெரியலய்யா."

 அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"எத்தினி நாளா?"

"நீ உழுந்ததுலேந்து."

"நான் மட்டும் எழுந்து..."

"நீ எழுந்தும் ஒண்ணும் கிழிக்க வேணாம். தண்ணி குடி. அது போதும்."

"அந்தப் படத்த ஒடச்சிப் போடு."

"ஒடைக்க மாட்டேன். குண்டன் இன்னா பாவம் பண்ணான்?"

படத்தைப் போட்டாள். அவன் திரும்பினான், அவளுக்காகத்தான் திரும்பினான். டம்ளரைக் கையில் கொடுத்தாள். குண்டன் வந்தான், துண்டு அவிழ்ந்தது, வாளியைத் தேடினான். ஜெயராஜின் உதடு அசைந்து நின்றுவிட்டது. கிழவன் வருகிற சத்தம் கேட்டதும் அன்னம்மாள் எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வீலென்று கத்தினார்கள். அவள் ஜெயராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே சிரிப்பு வந்துவிடுமோ என்று பார்த்தாள். கொஞ்சமாவது வராதா என்றும் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

காலையில் அவள் டிபன் டப்பாவை எடுத்தபோது கேட்டான்: "இன்னிக்கும் அங்கதான் போறியா?"

"வேற எங்க போறது?"

"வேற கார்மெண்ட்ஸ்..."

"அங்க மட்டும் ரகு இருக்க மாட்டானா?"

 சொம்பை நிரப்பித் தலைமாட்டில் வைத்தாள். "மௌரீன் அக்காவ படம் போடச் சொல்லட்டா?"

யோசித்தான். "குண்டன் வர்ற எடம் மட்டும்."

"கெழவன் வந்தா?"

"ரிமோட்ட இங்க வெச்சிட்டுப் போ. நிறுத்திக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். நிறுத்துவானா, ஆளில்லாத வீட்டில் தன்னை மறந்து சிரித்துவிடுவானா, அவளுக்குத் தெரியாது. சிரித்தாலும் சிரிக்கட்டும், தண்ணீர் உள்ளே போனால் போதும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். போதவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.