சத்தம் குறைகிற டிவி

1

இந்தக் கதை சந்தேகத்தில் பிறந்தது. எங்கள் வீட்டுப் பழைய டிவியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "இதுல கோளாறு ஒண்ணும் இல்லண்ணே" என்றான். ஒன்றும் இல்லை என்று சொல்லுகிற மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அன்றைக்கே பேனாவை எடுத்தேன்.

முதலில் எழுதிய வரி: 'அந்த டிவி சாகக் கிடந்தது.' பொய். படம் பளிச்சென்று தெரிகிறது.

அடுத்தது: 'என் மனைவி புது டிவிக்கு ஆசைப்பட்டு'

இதோடு நிறுத்திவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

(விட்ட வரிகளை ஏன் இங்கேயே வைத்திருக்கிறேன் என்றால், எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேல். பாடுபட்டு எழுதியதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.)

2

நடந்தது இதுதான். டிவியில் சத்தம் குறைந்துகொண்டே போகிறது என்பாள் அவள். ரிமோட்டை எடுத்து ஏற்றுவாள். எனக்குக் காது அடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

"ஸ்பீக்கர் போயிடுச்சுங்க. மாத்துங்க, இல்ல புதுசு வாங்குங்க" என்பாள்.

மெக்கானிக் வந்தான். கழற்றிப் பார்த்து மாட்டி, சத்தத்தை ஏற்றினான். "போதுமாக்கா? இதுக்கு மேல வச்சா தெருவே திரண்டு வந்துடும்."

அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி என்ன சொல்றாரு?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் குரலைத் தாழ்த்தினான். "ரிப்பேர் பண்ணாலும் இதான், புதுசு வாங்கினாலும் இதாண்ணே. அக்காவ ஒரு காது டாக்டர்கிட்ட காட்டுங்க."*

* முதலில் இவனைத் திருடனாக எழுதிப் பார்த்தேன். டிவிக் கடைக்காரனோடு கூட்டு, ஒரு மாதிரியான பார்வை எல்லாம் கொடுத்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பையன் வந்துபோனதற்குக்கூடக் காசு வாங்கவில்லை.

3

அவள் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிடங்கில் சரக்கு பிரிக்கிறாள். சரக்குத் தூக்கும் வண்டி ஹாரன் அடித்தபடி முதுகுப்பக்கம் பின்னோக்கி வரும். சத்தம் கேட்டதும் ஒதுங்க வேண்டும். காது மந்தம் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன வருஷம் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினார். என் முதுகு மூட்டை தூக்க மறுத்த பிறகு எங்கள் அடுப்பு எரிவது அவள் கூலியில்.

மெக்கானிக் போன மறுநாள், "புதுசே வாங்கிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு? இதுவே கெடக்கட்டும்."

நேற்றுவரை வேண்டும் என்றவள். சந்தேகம் வருமா, வராதா? டிவி கெட்டிருக்கிறவரைக்கும் அவள் காது நன்றாக இருக்கிறது. புதுசு வந்தால் பழியைப் போட ஆள் இல்லை.

4

நான் குளிக்கப் போன நேரத்தில் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள்.

"என்னைக் கதையாக்கிட்டீங்களா? சூப்பர்வைசர் கண்ணுல பட்டா?"

"அந்தாளு கதை படிக்கிற மூஞ்சியா?"

"சிரிக்காதீங்க. காது டாக்டர் வரிய எடுத்துடுங்க. ஸ்பீக்கர மாத்தினான், சரியாப் போச்சுன்னு முடிங்க."

"வண்டி பின்னால வந்தா என்னடி பண்ணுவ?"

"எதிர்ல நிக்கிறவ மூஞ்சியப் பாப்பேன். அவ கண்ணு விரியும். நான் ஒதுங்கிக்குவேன்."

எத்தனை நாளாக இது நடக்கிறதோ.

"எதிர்ல யாரும் இல்லன்னா?"

அதற்குள் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். கேட்கவில்லையா, கேட்டும் பதில் இல்லையா, எனக்குத் தெரியாது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஸ்பீக்கர் மாற்றினான், சரியாகிவிட்டது. அவள் கேட்ட முடிவு. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

டாக்டர் பார்த்து, காதில் ஒரு மிஷின் வைத்தார். வைத்தால் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் இருக்குமா?

மூன்றாவது: 'ஹாரன் கேட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள், அவள் மட்டும்'

இதற்கு மேல் கை ஓடவில்லை.

காலையில் தலையை முடிந்துகொண்டே, "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு நேராகப் போய் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி, "முடிச்சிட்டேன்" என்றேன். என் வாயையே பார்த்தாள். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

முடிக்கவில்லை. என்ன எழுதினால் அவளுக்கு எதிரே எப்போதும் ஒருத்தி நிற்பாள்? தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள். கிடங்கு திறக்கிற நேரமாகிவிட்டது.