உப்பளத்துக் கதையைப் படித்தவர்கள்

செவ்வந்தியின் காம்பு படத்தைப் பார்த்து இருக்க வேண்டுமா, பூ படத்தைப் பார்த்து இருக்க வேண்டுமா என்று கில்ரேயின் படத்துக்கு முன்னாலேயே இரண்டு பேர் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கூ வாத்தியார், துறைமுகத்துப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி மிஹ்யாங், வாசகர் வட்டத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குவாங்ஜுவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தவள்.

கறுப்புக் கோட்டில், கையில் துக்கப் பட்டையோடு ஜோங்தேக் சுவரோரம் நின்றார். மனைவி போன இரண்டாம் நாள். ஆஸ்பத்திரியின் இந்தச் சாவுக்கூடத்தில் அவர் சிரிக்கக் கூடாது. கில்ரே உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருப்பாள்.

"எப்படி வெச்சாலும் வாங்கிக்குவா. வைங்க," என்றார்.

ஆளுக்கொரு பக்கமாக வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். பக்கத்து அறையில் மகள் யோன்ஹி காரச் சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். முதல் கரண்டி வாய்க்குள் போவதற்குள் பேச்சு பூவிலிருந்து கில்ரே எழுதிய நாவலுக்குத் தாவியது.

"அழுதுக்கிட்டே படிச்சேன் சார்," என்றாள் மிஹ்யாங்.

"அழுங்க, வேண்டாங்கலை. ஆனா கதையில வர்ற அந்த நேரத்துல கடல்தண்ணி உள்ள ஏறியிருக்காது. படகு எப்படிப் போகும்? அவங்ககிட்டயே சொன்னேன். அடுத்த பதிப்புல கடலை மாத்திடறேன் வாத்தியாரேன்னாங்க," என்றார் வாத்தியார்.

கில்ரே எழுதியது அந்த ஒரு நாவல்தான். துறைமுகத் தெருத் தையல்கடையில் பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்பு அடித்தே காலம் கழித்தவள், அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுதினாள். அதில் வருவது, வடக்கும் தெற்கும் மோதிய யுத்தம் தொடங்கிய வருடத்து இலையுதிர்காலம். கம்யூனிஸ்ட் சிவப்புக்காரர்களுக்குச் சோறு போட்டவர்கள் என்று ஊரிலேயே ஒருவன் பெயர் சொல்லிக் கொடுக்க, போலீஸ் அந்த ஆண்களை உப்பளத்துக்குக் கூட்டிப்போய்ச் சுட்டது. செத்தவர்களில் கில்ரேயின் அப்பாவும் ஒருவர். அவள் அப்போது தாயின் வயிற்றில் இருந்தாள்.

நாவலில் பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதினாள். அவ்வளவு சின்ன ஊரில் பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்? எங்கிருந்தோ ஒரு பையன், சண்டை வருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது என்று எழுதினான். சர்ச்சுப் பெரியவர் ஒருவர் சிவப்புக்காரர்களுக்கு வக்காலத்து என்றார். இன்னொருவர் வந்து, போலீஸை ரொம்பப் பதமாக விட்டுவிட்டாய் என்று கோபித்துக்கொண்டார். ஜோங்தேக்கோடு படகு இயந்திர அறையில் வேலை பார்த்த சிநேகிதர்கள், சாராயக் கடையில் வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்தார்கள். பெயர் சொல்லிக் கொடுத்தவனின் மகன் ஓக் மான்சு, மீன் ஏலம் நடக்கும் இடத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் புத்தகத்தைக் கடலில் வீசினார்.

ஜோங்தேக் அதைக் கேட்டுக் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். கில்ரே மீனைச் செதில் சீவிக்கொண்டே, "விலைக்கு வாங்கினாரா, இரவலா?" என்றாள்.

"விலைக்குத்தான்."

"அப்ப எறியட்டும். திட்டுறதுக்காவது ஒருநாள் வீட்டுக்கு வருவாரு. வந்தா நீங்க குறுக்க வராதீங்க."

அவர் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு கில்ரேக்கு வயிற்றில் கட்டி வந்தது.

"அப்பா." யோன்ஹி காதோரம் குனிந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "வாசல்ல மான்சு நிக்கிறாரு. போகச் சொல்லிடட்டுமா?"

ஜோங்தேக் எழுந்து போனார். செருப்பு அடுக்கருகே மான்சு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபதைத் தாண்டிய ஆள். கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது.

"வரலாமா?"

"வாங்கண்ணே."

அவர் ஊதுபத்தி ஏற்றினார். படத்துக்கு இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். இரண்டாவது முறை எழுவதற்குச் சிரமப்பட்டார். ஜோங்தேக்கின் கை தானாக அவருடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கியது.

மான்சு சாப்பாட்டு அறைக்குள் வந்தார். வாத்தியாருக்கு எதிரில்தான் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தார். வந்திருப்பது யார் என்பது வாசகர் வட்டத்துப் பெண்களிடையே முணுமுணுப்பாகப் பரவியது. யோன்ஹி சூப் கிண்ணத்தை வைத்த வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது. மான்சு அதைக் காகிதத்தால் துடைத்தார்.

"அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றார். "இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன்."

"என்கிட்டக் கேளுங்கண்ணே."

"அன்னிக்கு எறிஞ்சேன்ல, அது பாதிதான் படிச்சது. அப்புறம் இன்னொண்ணு வாங்கினேன்."

யாரோ சிரிக்கப் போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"எங்கப்பனைப் பத்தி எழுதினதுல பொய் கிடையாது. வெள்ளைக் கோட்டுன்னு எழுதியிருக்கா, அது தப்பு. அந்தாளுக்கு ஏது கோட்டு. அது கெடக்கட்டும்." மான்சு கரண்டியை எடுத்தார், திரும்ப வைத்தார். "அவன் பொண்டாட்டி அன்னிக்கு ராத்திரி ஒத்தையா உப்பளத்துக்குப் போயி, பொணத்து மேலெல்லாம் பாயைப் போட்டு மூடுறதா வருதே. அது நடந்ததா? எங்கம்மா போனாளா?"

ஜோங்தேக்குக்கு ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்கக்கூடியவள் பூக்களுக்கு நடுவே படமாக இருந்தாள். ஆனால் இந்த மனுஷன் இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்து கேட்கும் கேள்வி அது.

"அது அவளாக் கற்பனை பண்ணி எழுதினதுண்ணே," என்றார். "மறுநா காலையில போய்ப் பார்த்தப்ப எல்லாரையும் யாரோ பாயால மூடி வெச்சிருந்தாங்க. அது நெசம். என் மாமியார் கண்ணால பார்த்தவங்க. நாயி, காக்கா எதுவும் கிட்ட வரலையாம். யாரு மூடினான்னு கடைசிவரைக்கும் தெரியலை. இவ எழுதறப்ப அதை உங்கம்மா செஞ்சதா எழுதினா."

"ஏன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பெரிய சண்டை. உன் அப்பனைக் காட்டிக் கொடுத்தவன் வீட்டுக்கு இத்தனை நல்ல பேரு எதுக்குன்னு கத்தினேன். யாரோ ஒருத்தி போயிருக்கால்ல, அது அந்த வீட்டுப் பொம்பளையா இருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா."

மிஹ்யாங் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க வட்டத்துலயும் அந்த அத்தியாயத்துக்குத்தான் சண்டை. பாதிப் பேர் நம்பலை. நானும் நம்பலைங்க."

"எனக்கும் அது கொஞ்சம் அதிகத் தித்திப்பாத்தான் பட்டது," என்றார் வாத்தியார்.

மான்சு தலையாட்டினார். சூப்பைக் குடிக்கத் தொடங்கினார். நாலைந்து வாய் குடித்த பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் குளிர்காலம் எங்க வீட்ல பாயே இல்ல."

மான்சு கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு அஞ்சு வயசு. வெறும் மண்ணுல படுத்தோம். முதுகெல்லாம் அரிக்கும். பாயி எங்கேம்மான்னு கேட்டேன், கன்னத்துல ஒண்ணு விட்டா. அதுக்கு முன்னயும் அடிச்சதில்ல, பின்னயும் அடிச்சதில்ல. அப்பன்தான் வித்துக் குடிச்சுட்டான்னு நெனச்சுக்கிட்டேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். கில்ரே செத்துட்டான்னு சேதி கேட்டு ராத்திரி மறுபடி அந்தப் பக்கத்தை எடுத்துப் படிச்சப்பத்தான்..."

"இதை வெச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது," என்றார் வாத்தியார், வழக்கத்தைவிட மெதுவாக.

"தெரியும் வாத்தியாரே."

"இல்லைன்னும் முடிவு கட்ட முடியாது."

ஜோங்தேக் சட்டென்று எழுந்தார். அடுத்த அறைக்கு நாலு எட்டில் போனார். வீட்டில் ஏதாவது சேதி கேள்விப்பட்டால் தையல் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடம் சொல்வாரே, அந்த அவசரத்தோடு போனார். செவ்வந்திகளுக்கு முன்னால் வந்த பிறகுதான் கால் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். பாய், கன்னத்தில் விழுந்த அடி, கோட்டு தப்பு என்பது வரைக்கும்.

அவர் திரும்பி வந்தபோது பெண்கள் மான்சுவின் மேஜைக்கு நகர்ந்து வந்திருந்தார்கள். வாத்தியார் அவருக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாவல்ல அந்தம்மாவுக்குப் பேரே கிடையாது," என்று மிஹ்யாங் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்கம்மா பேரு என்னங்க?"

ஊரில் அவளை மான்சு அம்மா என்பார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு அப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை.

"சுன்தோக்," என்றார். "போங் சுன்தோக்."

கோடியில் இருந்த காது மந்தமான பெண்மணி, "யாரு?" என்றாள். அவர் இன்னும் உரக்க, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெண்மணி திருப்பிச் சொன்னாள். தப்பாகச் சொன்னாள். மூன்று பேர் சேர்ந்து திருத்தினார்கள்.

யோன்ஹி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மான்சு முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றி மாற்றி மெல்ல முயல்வது அவள் கண்ணில் பட்டது. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சின்னச் சின்னதாக வெட்டத் தொடங்கினாள்.