சர்க்கரையை வென்றவர்

ரத்தம் எடுக்க நின்ற வரிசையில் வெள்ளத்துரை தனக்குப் பின்னால் வந்த நாலு பேரை முன்னால் அனுப்பிவிட்டான். ஐந்தாவது ஆளுக்கும் வழிவிட ஒதுங்கியபோது கூட வேலை பார்க்கிற பால்துரை அவன் சட்டையைப் பிடித்தான்.

"ஏல, ரேஷன் கடையில என்னைக்காவது இவ்வளவு தாராளமா நின்னுருக்கியா?"

துறைமுகச் சாலையில் இருந்த அந்தக் கன்டெய்னர் குடோனில் வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவ முகாம். வெள்ளத்துரை அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ரிப்போர்ட்டில் மேனேஜர் ஜெயகணேஷ் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வண்டிச் சாவி கைக்கு வரும். இதுவரை கண்ணையும் பிரஷரையும் பார்த்து விட்டுவிடுவார்கள். இந்த வருஷம் புதிதாக ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். வெள்ளத்துரைக்குச் சர்க்கரை கிடையாது. அதுதான் சிக்கல்.

ஆறு வருஷமாக அவன் மாத்திரை சாப்பிடுவது மனசுக்கு. முதலில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அப்புறம் பயப்படக்கூடத் தெம்பில்லை. பல் விளக்குவது ஒரு கப்பல் சரக்கை ஒற்றை ஆளாக இறக்குகிற வேலையாகத் தெரிந்தது. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அந்தச் சுவரில் மொத்தம் பதினொரு விரிசல். அதை எண்ணினதுதான் அந்த இரண்டு மாதத்தில் அவன் செய்த உருப்படியான காரியம். அவன் மனைவி உமாராணிதான் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் மேனேஜர் "என்ன உடம்புக்கு?" என்று கேட்க, இவன் வாயைத் திறக்குமுன் பால்துரை முந்திக்கொண்டான்.

"சுகர், சார். முன்னூத்தி எம்பது."

பால்துரை முந்தியதற்குக் காரணம் தேவதாசன். இப்போது முகாமுக்குத் தண்ணீர் கேன் சுமந்துகொண்டிருக்கிற அதே தேவதாசன்தான். கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டியை அவன் ஒன்பது வருஷம் ஓட்டினான். வெள்ளத்துரை படுக்கையில் விழுவதற்கு மூன்று மாதம் முன்னால் தேவதாசன் ஆபீசுக்குப் போய், தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் லீவு வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். பத்து நாள் கழித்து வந்தபோது வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்ற பேச்சை எடுத்துத்தானே இந்தக் கதி என்று அவன் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இப்போது தண்ணீர் காண்ட்ராக்டரிடம் தினக்கூலி.

பால்துரை பொய்யைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆனது. வெள்ளத்துரை அதை ஆறு வருஷம் குடித்தான். கேன்டீனில் அவனுக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. லோடுமேன் எஸ்றா வாரம் தவறாமல் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். முத்துமணி அக்கா, கூட்டிப் பெருக்குகிறவர், சிறுகுறிஞ்சான் பொடியைப் பொட்டலம் கட்டித் தருவார். பாசம் இவ்வளவு கசக்கும் என்று வெள்ளத்துரைக்கு அதுவரை தெரியாது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டான்.

"அடுத்த ஆள்" என்றாள் நர்ஸ். ஊசி குத்தினாள், மிஷினைப் பார்த்தாள். பக்கத்தில் ஜெயகணேஷ் நின்றிருந்தார்.

"தொண்ணூத்தி நாலு. அண்ணாச்சி, உங்களுக்குச் சுகரே இல்லையே."

வெள்ளத்துரையின் உள்ளங்கை வேர்த்தது. மேனேஜர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடுதீங்களே. அது எதுக்கு?"

"அதனாலதான் சார் தொண்ணூத்தி நாலு" என்றான் பால்துரை. "கட்டுப்பாடுன்னா அப்பிடி ஒரு கட்டுப்பாடு."

ஜெயகணேஷ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு இருநூத்தி அறுபதுய்யா" என்றார். கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வார விழால்லா? நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். எப்படிக் கொறைச்சீங்கன்னு மறைக்காமச் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை காலை சாமியானா பந்தலில் நூற்றிருபது பேர். மேடைக்குப் பின்னால் பேனரில் வெள்ளத்துரையின் முகம். கீழே 'சர்க்கரையை வென்றவர்'. சால்வையைப் போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால் சாவி போய்விடும். பொய்யாக வெந்தயத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. முன்வரிசையில் பால்துரை. கடைசி வரிசைக்குப் பின்னால், கம்பத்தில் சாய்ந்து தேவதாசன்.

"மொதல்ல, நமக்கு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிடணும்" என்றான் வெள்ளத்துரை. "நான் ஒத்துக்கிட ரெண்டு மாசம் ஆச்சு. எம் வீட்டுக்காரி ஒரே நாள்ல ஒத்துக்கிட்டா."

சிரித்தார்கள்.

"சரியாயிருச்சுன்னு நாமளே மாத்திரைய நிறுத்தக் கூடாது. நான் ரெண்டு தடவ நிறுத்துனேன். ரெண்டு தடவயும் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். அப்புறம், தெனம் காலைல ஒருத்தன் பைக்கோட வாசல்ல வந்து நிக்கணும். எப்படி இருக்கன்னு கேக்கவே கூடாது. சட்டைய மாட்டுலேன்னு மட்டும் சொல்லணும். எனக்கு அப்படி ஒருத்தன் ஒன்றரை வருசம் நின்னான். அவன் பைக்குல பின்சீட்டு பாதி என் பாரத்துலதான் கிழிஞ்சுது."

பால்துரை குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். அவன் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

"ஒருநாள் அப்படிப் போவும்போது உப்பளத்து வாடை அடிச்சுது. அட, இது இத்தனை நாளும் இங்கனதான் இருந்துருக்குன்னு தோணுச்சு. அன்னைக்குத்தான் கொறையுதுன்னு தெரிஞ்சுது. இப்ப மாத்திரைய பாதியாக்கிட்டாங்க. திரும்ப வருமான்னு கேட்டேன். வரலாம், வராமலும் இருக்கலாம்னாங்க டாக்டரம்மா. வந்தா எங்க போவணும்னு தெரியும்லா, அது போதும். இங்கன எனக்குக் கசப்புக் குடுத்த எல்லாருக்கும் கும்பிடு."

எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியது ஜெயகணேஷ். "ஸ்வீட்ட விடணும்னு சொல்லவே இல்லையேய்யா?"

"அதுவும் உண்டு சார்."

கூட்டம் கலைந்து போட்டோவுக்கு நகர்ந்தது. தேவதாசன் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தச் சுகர் டாக்டர் என்னைக்குப் பாக்காங்க?"

வெள்ளத்துரை அவன் முகத்தைப் பார்த்தான். தண்ணீரை வாங்கிக் குடித்தான். "செவ்வாக்கிழமை."

"எனக்கும் ரொம்ப நாளாவே இருக்கு."

"தெரியும்ல. ஆறரைக்கு நான் வாரேன். ரெடியா இரு."

"செவ்வா லோடு உண்டே. வரலேன்னா காண்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுருவான்."

"என்ன சொல்லிட்டு வருவ?"

தேவதாசன் யோசித்தான். "சுகர்னு சொல்லுதேன்" என்றான். ஆறு வருஷத்தில் வெள்ளத்துரை பார்க்க அவன் சிரித்தது அப்போதுதான்.

போட்டோவுக்குப் பின்னணியாக ரீச் ஸ்டாக்கரைக் கழுவி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். நடுவில் வெள்ளத்துரை, தோளில் மேனேஜரின் கை. தேவதாசன் வண்டியோரம் நின்று, ஓட்டின காலத்துப் பழக்கத்தில் பக்கக் கண்ணாடியின் கோணத்தை ஒரு விரலால் சரிசெய்தான்.

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "தண்ணிக்காரண்ணே, படத்துல விழுதீங்க."

தேவதாசன் கீழே வைத்திருந்த இரண்டு காலிக் கேன்களையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாலை போட்ட வண்டியைச் சுற்றி அந்தப் பக்கமாகப் போனான்.